பழைய கார்கள், ஒரு மைதானம், ஒரு சிறுவர் இல்லம்: மட்டக்களப்பில் நிதி சேர்க்க முழுமையான வழிகாட்டி

முதல் தடவை நாங்கள் 60 பள்ளிக்கூடப் பைகள் வாங்கிக்கொண்டு ஒரு சிறுவர் இல்லத்துக்குப் போனோம். 11 கார்கள், வரிசையாக, ஹெட்லைட் போட்டபடி. பொறுப்பாக இருந்த அம்மா சிரித்த முகத்தோடு வாங்கினார், தேநீர் தந்தார். பிறகு பைகளை வைக்க அலுமாரியைத் திறந்தார். உள்ளே ஏற்கெனவே பைகள், பொலித்தீன் உறைகூடப் பிரிக்காமல், மேல்தட்டு வரைக்கும். நான் வெளியே வந்து கிணற்றடியில் நின்றேன். இரண்டு பெரிய பிள்ளைகள் வாளியால் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார்கள். மோட்டர் எரிந்து நாலு மாதமாம்.

எங்கள் கூட்டத்தில் மோட்டர் வைண்டிங் செய்கிறவர் ஒருவர் இருக்கிறார். கராஜ் வைத்திருப்பவர்கள் மூன்று பேர். ஒருவரும் போவதற்கு முன் "என்ன வேணும்?" என்று கேட்டிருக்கவில்லை.

பழைய கார் வைத்திருக்கிற நாங்கள், அவற்றைக் காட்சிக்கு வைத்துப் பிள்ளைகளுக்கு நிதி சேர்ப்பது பற்றி அந்த வெட்கத்தில் கற்றுக்கொண்டதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். மட்டக்களப்பை மனதில் வைத்து எழுதினேன். கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறை என்றால் மைதானத்தின் பெயரும் வீதியின் பெயரும் மாறும், மற்றதெல்லாம் இதுதான்.

கார் ஆட்களுக்கு இங்கே பஞ்சமில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி கதவு திறந்தார்கள். அந்த ஐந்து வருடத்தில் பழைய கார் வைத்திருந்தவன் அதைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தான். மொரிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், பீட்டில், பெட்டி லான்சர், டட்சன் என்று தேடினால் ஊருக்கு ரெண்டு மூன்றாவது கிடைக்கும். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில், கியூஆர் காட்டி அளந்து அடித்த காலத்திலும் வாரத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி வைத்தவர்கள் இவர்கள். அந்தப் பைத்தியத்தைக் கொஞ்சம் திருப்பிவிட்டால் போதும்.

முதல் வேலை: காரை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்

தேதி, மைதானம், டீசேர்ட் நிறம் எல்லாம் பிறகு. முதலில் யாருக்குக் கொடுக்கப் போகிறோம், என்னத்துக்கு என்பது முடிவாக வேண்டும். இரண்டு பேர் மட்டும் மோட்டார் சைக்கிளில் போங்கள். கூட்டமாகப் போனால் அங்கே உங்களுக்கு வரவேற்பு ஏற்பாடு செய்வார்கள், பிள்ளைகளை வரிசையாக நிறுத்துவார்கள், உண்மை எதுவும் வெளியே வராது.

இல்லம் என்றால் மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தில் பதிவு இருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஒழுங்காக நடத்துபவர்கள் அதைச் சுவரிலேயே மாட்டி வைத்திருப்பார்கள். அப்புறம் பிரதேச செயலகத்துக்குப் போய், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். "இந்தப் பிரிவில் எந்த இடத்துக்கு உதவி போகவில்லை?" என்று அவரிடம் கேட்டால், நகரத்துக்குள் இருந்து நாம் யோசிக்காத பதில் வரும். வாவிக்கும் கடலுக்கும் இடையிலான எழுவான்கரையில், ஏ4 வீதியை ஒட்டி இருக்கும் இல்லங்களுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களும் வங்கிகளும் கழகங்களும் வந்துகொண்டே இருக்கிறார்கள். வாவியைத் தாண்டி மேற்கே, படுவான்கரைக்குள் உள்ளே போகப் போக அந்த வரத்துக் குறையும்.

இல்லத்துக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றும் இல்லை. இல்லங்களில் இருக்கும் பிள்ளைகள் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமைதான் பிள்ளையை அங்கே கொண்டுவந்து விடுகிறது. வீட்டிலேயே வைத்துப் படிக்க வைக்க ஒரு குடும்பத்துக்குச் சைக்கிளோ தையல் மெசினோ போதுமாக இருக்கலாம். அப்படியான குடும்பங்களின் விவரம் அதே உத்தியோகத்தரிடம் இருக்கும். அவர் வழியாகச் செய்தால் பிள்ளையின் பெயர் ஊர் வாயில் விழாது.

போதனா வைத்தியசாலையின் சிறுவர் பிரிவுக்குக் கொடுப்பதாக இருந்தால், கருவியை நீங்களே தெரிவு செய்து வாங்கிக்கொண்டு போகாதீர்கள். பணிப்பாளருக்குக் கடிதம் எழுதி, அந்தப் பிரிவின் வைத்திய நிபுணர் எந்த வகை, எந்த மாதிரி என்று எழுதித் தருவதை வாங்குங்கள். மொடல் மாறினால் அதற்குரிய உதிரிப்பாகம் கிடைக்காமல் கருவி மூலையில் கிடக்கும். கார்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை.

தேவைப் பட்டியல் கையில் வந்ததும் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கடையில் விலை எழுதி வாங்குங்கள். தண்ணீர் மோட்டர், தாங்கி, குழாய் வேலை, மொத்தம் இவ்வளவு. அந்தத் தொகைதான் உங்கள் இலக்கு. "சிறுவர்களுக்காக" என்று பொதுவாகக் கேட்டால் நூறு ரூபாய் போடுகிறவன், "500 லீற்றர் தாங்கிக்கு இன்னும் 8,000 குறைகிறது" என்றால் ஆயிரம் போடுவான். இது நான் கண்ணால் கண்டது.

காசு யார் கையில் இருக்கும்

சண்டை வருகிற இடம் இது, ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒருவருடைய சொந்தக் கணக்கில் காசு சேர்க்கக் கூடாது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கூடாது. நல்லவர் என்பதால்தான் கூடாது, நாளைக்கு ஒருவன் வாய் தவறி ஒரு வார்த்தை சொன்னால் அவர்தான் வீட்டுக்குள் முடங்குவார். உங்கள் கூட்டம் பிரதேச செயலகத்தில் சங்கமாகப் பதிவு செய்யப்பட்டிருந்தால் வங்கியில் கூட்டுக் கணக்குத் திறக்கலாம், இரண்டு கையெழுத்து இல்லாமல் காசு எடுக்க முடியாதபடி. பதிவு இல்லையா? இல்லத்தின் கணக்கு இலக்கத்தையே பதாகையில் போடுங்கள். சுவிஸிலும் கனடாவிலும் லண்டனிலும் இருந்து அனுப்பும் நம்மவர்களுக்கும் அதே கணக்கைக் கொடுங்கள். காசு உங்கள் கையைத் தொடவே தேவையில்லை.

கையால் வாங்கும் காசுக்கு இலக்கமிட்ட பற்றுச்சீட்டுப் புத்தகம், காபன் தாளோடு. எத்தனை புத்தகம் அச்சடித்தோம், எது யாரிடம் என்பதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். திரும்பி வராத புத்தகம் ஒன்று இருந்தால் அன்றிரவு ஒருவரும் நித்திரை கொள்ள மாட்டீர்கள்.

இன்னொரு விதி, எங்கள் கூட்டத்தில் இதை மாற்ற யாருக்கும் அனுமதி இல்லை: உண்டியலில் விழுவது முழுவதும் பிள்ளைகளுக்கு. பந்தல், ஒலிபெருக்கி, மைதான வாடகை, சாப்பாடு எல்லாம் கார் பதிவுக் கட்டணத்திலும் அனுசரணையிலும்தான் அடங்க வேண்டும். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 30 கார்கள், தலைக்கு 2,000 ரூபாய் என்றால் 60,000. ரயர் கடை, பட்டரி கடை, பெயின்ட் கடை, உதிரிப்பாகக் கடை என நாலு பேர் தலா 15,000 கொடுத்தால் இன்னொரு 60,000. சாப்பாட்டுக் கடை போடுகிற ஆறு பேரிடம் 5,000 வீதம் 30,000. கூட்டினால் ஒன்றரை லட்சம். செலவு இதற்குள் நிற்கவில்லையென்றால் செலவைக் குறையுங்கள். முதலில் குறைக்க வேண்டியது மேடையும் பொன்னாடையும்.

எந்த மாதிரி நிகழ்ச்சி

நிறுத்திவைத்துக் காட்டுவது, அதுதான் என் முடிவு. அரை நாள், ஒரு மைதானம், கார்கள் வரிசையாக. பவனி வேண்டுமென்றால் காலையில் சிறிதாக ஒன்று.

பந்தயம், ட்ரிஃப்ட், ரயர் புகைய விடுவது இதெல்லாம் வேண்டவே வேண்டாம். இளைஞர்கள் கேட்பார்கள், "அது இல்லாட்டி யாரண்ணே வருவான்?" என்பார்கள். 2024 ஏப்ரலில் தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் ஒரு கார் தடத்தை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் போய் 7 பேர் இறந்தார்கள், ஒரு சின்னப் பிள்ளை உட்பட. அது பழகிய ஆட்கள் ஓடுகிற பந்தயத் தடம். நம்முடைய மைதானத்தில் கயிறுதான் வேலி.

காசு வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றி ஒரு சுற்றுப் போவதும் நல்ல யோசனைபோலத் தோன்றும். தனியார் காருக்கான காப்புறுதியில், வாடகைக்கு ஓடினால் இழப்பீடு இல்லை என்று பொதுவாக எழுதியிருக்கும். பந்தயத்துக்கும் அப்படியே. உங்கள் சிட்டையை எடுத்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள். காசுக்குக் காருக்குள் உட்கார்ந்து படம் எடுக்க விடலாம், அதில் ஆபத்து இல்லை. பழைய கேம்பிரிட்ஜின் பின் ஆசனத்தில் பட்டுச்சேலையோடு உட்கார்ந்து படம் எடுத்த அம்மம்மாக்களிடம் வந்த காசு எங்களையே ஆச்சரியப்படுத்தியது. "எங்கட கலியாணத்துக்கு இந்தக் கார்தான் மனே வந்தது" என்று ஒருவர் கதவைத் தடவிக்கொண்டே நின்றார்.

அதனால்தான் சொல்கிறேன், ஒவ்வொரு காருக்கும் முன்னால் ஓர் அட்டை வையுங்கள். எந்த ஆண்டு, யார் வாங்கியது, எந்த ஊரில் ஓடியது, யுத்த காலத்தில் எங்கே நின்றது, யார் கறள் உரசிப் பெயின்ட் அடித்தது. இயந்திரத்தின் சீசீ கணக்கை நாலு பேர் படிப்பார்கள். "டொக்டர் ஐயாவின் கார், இரவில் பிரசவத்துக்குப் போனது" என்று எழுதினால் வருகிற எல்லோரும் நின்று படிப்பார்கள். நின்றவர் கைக்கு எட்டும் தூரத்தில் உண்டியல் இருக்கட்டும்.

அதிர்ஷ்டச் சீட்டு விற்கலாமா என்று எப்போதும் ஒருவர் கேட்பார். அனுமதி எடுக்காமல் சீட்டு விற்பது சட்டத்துக்கு முரண். ஏலம் போடுங்கள். பழைய இலக்கத் தகடு, கராஜில் கிடக்கும் ஹப்கப், ஒரு முழு சேர்விஸ் என்று எதையும் ஏலத்தில் விடலாம், நல்ல மெக்கானிக்கின் அரை நாள் வேலைக்குக்கூட விலை கேட்பார்கள்.

அனுமதிகள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஆனால் ஒன்றையும் விடாதீர்கள். மைதானத்துக்கு மாநகர சபைக்கு எழுத வேண்டும். வெபர் மைதானம் போன்ற இடமென்றால் விளையாட்டுப் போட்டிகளோடு மோதாத நாளைப் பார்த்துக் கேளுங்கள். நுழைவுச் சீட்டு விற்பதாக இருந்தால் களியாட்ட வரி இருக்கிறது, சீட்டுகளை அச்சடிக்க முன்பே சபையில் போய்ப் பேசுங்கள், நற்பணிக்கு விலக்குக் கேட்டு எழுத்தில் கொடுங்கள். நாங்கள் வாசலில் சீட்டே வைப்பதில்லை. பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு நிகழ்ச்சி பற்றியும், ஒலிபெருக்கி அனுமதிக்கும், பவனி போனால் பாதையை வரைந்தும் கடிதம் கொடுக்க வேண்டும். போக்குவரத்துப் பொலிஸாரைத் தனியே சந்தித்து, சத்தம் கூட்டிய சைலன்சரோடு வரும் கார்களை நீங்களே திருப்பி அனுப்புவதாகச் சொல்லிவிடுங்கள், சொன்னபடி திருப்பியும் அனுப்புங்கள். முதலுதவிக்கு ஒரு குழு, அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ் இலக்கம் வாசலில் பெரிதாக.

எல்லாக் கடிதத்துக்கும் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். ஓர் அலுவலகத்தில் எங்கள் கடிதம் "வரவே இல்லை" என்று நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பு சொன்னார்கள். முத்திரை இருந்த பிரதிதான் காப்பாற்றியது.

நாளும் நேரமும்

நவம்பரிலிருந்து ஜனவரி வரை மறந்துவிடுங்கள், மாரியில் மைதானம் குளமாகும். ஜூன், ஜூலை, ஓகஸ்டில் கச்சான் காற்று அனலாக அடிக்கும், பத்து மணிக்குப் பிறகு பொனட்டில் தோசை சுடலாம். மாமாங்கேஸ்வரர் கோயில் ஆடி அமாவாசைத் தீர்த்தம், புலமைப்பரிசில் பரீட்சை, ரமழான் நோன்பு காலம் எல்லாவற்றையும் நாட்காட்டியில் குறித்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். காத்தான்குடியிலிருந்து வருகிற நண்பர்கள் இல்லாமல் எங்கள் வரிசை பாதியாகிவிடும், ஆகவே நோன்பைக் கணக்கில் எடுக்காத கூட்டம் கூட்டமே இல்லை. பெப்ரவரி, மார்ச் நல்லது, அந்த வருடம் நோன்பு அதில் விழாவிட்டால். நேரம் காலை 7 முதல் 11, அல்லது பின்னேரம் 3 முதல் 6.

ஞாயிறு காலை என்றால் ஒரு தலையிடி உண்டு: டியூசன். வீட்டில் பிள்ளைக்கு வகுப்பு என்றால் தாய் தகப்பனும் வர மாட்டார்கள். நாங்கள் ஞாயிறு பின்னேரத்துக்கு மாறினோம்.

மைதானத்தில்

கல்லடிக் கடற்கரையில் வைக்கலாம் என்று ஆசைப்படாதீர்கள். படம் அழகாக வரும், உப்புக் காற்றும் மணலும் கதவின் அடிப்பக்கத்துக்குள் போய்க் குந்திக்கொள்ளும். அடுத்த வருடம் அந்தக் கார்காரர் வர மாட்டார்.

முதல் நாள் பின்னேரமே சுண்ணாம்பால் கோடு போட்டு இலக்கம் எழுதுங்கள். காருக்கும் காருக்கும் இடையில் இரண்டு கதவு முழுதாகத் திறக்கும் இடைவெளி வேண்டும், தள்ளுவண்டியோடு ஒரு தாய் போகும் அளவு. காய்ந்த புல் இருந்தால் வெட்டி அள்ளச் சொல்லுங்கள். ஓடி வந்த புதிய காரின் அடியில் இருக்கும் சூடான புகைக்குழாய் புல்லில் நெருப்பு வைக்கும். பழைய கார்களுக்கு அடியில் அட்டையும் தட்டும், எண்ணெய் சொட்டும் என்பதால். சில்லுக்குக் கல் வைப்பது கட்டாயம், ஹாண்ட் பிரேக்கை நம்பி அறுபது வருடக் காரை விட்டுப் போகாதீர்கள். நிகழ்ச்சி முடியும் வரை எந்தக் காரும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது. "ஒருக்காச் சத்தம் கேக்கட்டும்" என்று கேட்பவர்களுக்காக ஓர் ஓரத்தில் ஒரே ஒரு காரைக் கயிறு கட்டி ஒதுக்கி, மணிக்கு ஒருமுறை ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்கள். அதன் பக்கத்திலும் ஓர் உண்டியல்.

தீயணைப்பு உருளை ஐந்தாறாவது வேண்டும். நிழல், தண்ணீர், கழிப்பறை, அதுவும் பெண்களுக்குத் தனியாக. மோர், இளநீர், தயிர்க் கடை, கச்சான் கடை. (காற்றும் கச்சான், கடலையும் கச்சான், வெளியூர்க்காரருக்கு விளங்கப்படுத்துவதற்குள் பொழுது போய்விடும்.)

பவனி போவதானால்

எங்களுக்குப் பிடித்த சுற்று இது: நகரிலிருந்து கல்லடிப் பாலம், காத்தான்குடியில் ஈச்ச மரங்களுக்கு இடையால் மெதுவாக, ஆரையம்பதி தாண்டி மண்முனைப் பாலம் ஏறி கொக்கட்டிச்சோலை, அங்கிருந்து வவுணதீவு, வலையிறவுப் பாலத்தால் திரும்ப நகரம். வாவியின் இரண்டு கரையும் பார்த்துவிடலாம். 10 கார்களுக்கு ஒரு பிரிவு, பிரிவுகளுக்கு இடையில் ஐந்து நிமிடம், அப்போதுதான் மற்ற வாகனங்கள் முந்திப் போக முடியும். ஆகப் பழைய கார் முதலில், மெக்கானிக்கின் வான் கடைசியில். ரேடியேற்றருக்குத் தண்ணீர்க் கலன் ஒவ்வொரு காரிலும். படுவான்கரை வீதிகளில் மாட்டுப்பட்டிகள் குறுக்கே வரும், ஹோன் அடித்து விரட்டாமல் நில்லுங்கள். பொழுதுபட்டால் அந்தப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு. நாலு மணிக்குப் பிறகு பவனியைத் தொடங்காதீர்கள்.

பிள்ளைகள்

அவர்களை உண்டியலோடு நிறுத்தாதீர்கள். வரவேற்பு நடனம் ஆடச் சொல்லாதீர்கள். மேடையில் ஏற்றி "இவருக்கு அப்பா இல்லை" என்று ஒலிபெருக்கியில் சொன்ன ஒரு நிகழ்ச்சியில் நானும் இருந்திருக்கிறேன், வேறு யாரோ நடத்தியது. அந்தப் பையன் முகத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

இல்லத்துப் பிள்ளைகள் வர விரும்பினால், இல்லப் பொறுப்பாளர் நன்னடத்தை உத்தியோகத்தரிடம் அனுமதி எடுத்துக் கூட்டி வரட்டும். மற்றப் பிள்ளைகளைப் போலவே வந்து பார்க்கட்டும், ஐஸ்கிறீம் குடிக்கட்டும், போகட்டும். யார் இல்லத்துப் பிள்ளை என்று ஒருவருக்கும் தெரியத் தேவையில்லை. முகம் தெரியப் படம் எடுக்கக் கூடாது, போடவும் கூடாது. கார்களைப் போடுங்கள், அவை கோபிக்காது. எங்கள் உறுப்பினர் எவரும் தனியே ஒரு பிள்ளையைக் காரில் ஏற்றிச் செல்ல மாட்டார், இதை முதல் கூட்டத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நெருங்கிப் பழகும்போது ஏதாவது பிழையாகக் கண்ணில் பட்டால், கூட்டம் கூடிப் பேசிக்கொண்டிராமல் 1929க்கு அழையுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் அது.

எண்ணுவதும் கொடுப்பதும்

அன்றிரவே, அதே மைதானத்தில், வெளிச்சத்துக்குக் கீழே மேசை போட்டு எண்ணுங்கள். உண்டியல்களை இல்லத்திலிருந்து வந்த ஒருவர் முன்னால் உடையுங்கள். இரண்டு பேர் எண்ண, மூன்றாமவர் எழுத, எல்லோரும் கையெழுத்து வைக்க வேண்டும். வங்கி திறந்ததும் போட்டுவிட்டு வைப்புச் சிட்டையையும் செலவுக் கணக்கையும் உறுப்பினர், அனுசரணையாளர், கடைக்காரர் எல்லோருக்கும் அனுப்புங்கள். கூடினாலும் குறைந்தாலும் அதே கணக்கு.

பெரிய அட்டைக் காசோலையைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்கும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை, ஆனால் அனுசரணை தந்த கடைக்காரர் ஒரு படம் கேட்பார், அது நியாயம். தாங்கியின் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுங்கள். பொருளுக்கான காசை நேரே கடைக்குக் கட்டுங்கள். பில்லும் உத்தரவாத அட்டையும் இல்லத்தின் பெயரில் இருக்கட்டும், இருப்புப் பதிவேட்டில் ஏறட்டும்.

மூன்று மாதம் கழித்து, அறிவிக்காமல் இல்லை, அறிவித்துத்தான், மறுபடி இரண்டு பேர் போங்கள். ஒருவர் மெக்கானிக்காக இருக்கட்டும், காரில் கருவிப் பெட்டி இருக்கட்டும். நாங்கள் போனபோது மோட்டர் ஓடிக்கொண்டிருந்தது, வால்வு ஒன்று மட்டும் கசிந்தது, பத்து நிமிட வேலை. அந்த அம்மா இந்த முறை அலுமாரியைத் திறக்கவில்லை. ஒரு கொப்பித் தாளை எடுத்து நீட்டினார். முதல் வரியில் "குளியலறைக் கதவுக்குக் கொண்டி, 4" என்று எழுதியிருந்தது.